அமலிக்கு அந்த பேட்டே போதும்

அது ஷட்டில் பேட்தானே? உறையைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன். கொஞ்சம் நகந்து உக்காரும்மா, ஜன்னலோரம் எனக்குக் குடு. காத்து படலேன்னா மதுரை போய்ச் சேர்றதுக்குள்ள தலை சுத்திரும். ம், இப்ப சரி. வா, போன்னு பேசுறேன்னு நினைக்காத. ஆபீஸ்ல எல்லாரையும் அப்படிப் பேசியே நாக்கு பழகிருச்சு.

எங்க, குடு பாப்போம். லேசா இருக்கு. கம்பு வளையுது. எவ்வளவு நாளா ஆடுற? ஏழெட்டு மாசமா? யாரு தேர்ந்தெடுத்துக் குடுத்தா? நீயேவா? கடைக்காரர் ரெண்டு காட்டினாரு, இது கைக்கு வாட்டமா இருந்துச்சு, எடுத்துட்டேன்ங்கிற. அவ்வளவுதானா? ஒரு விசாரணை இல்ல, நாலு பேருகிட்டக் கேக்கல, கத்திரிக்கா வாங்குற மாதிரி வாங்கிட்டு வந்துட்ட.

பரவால்ல. உன் ஆட்டத்துக்கு இது போதும். நானும் ஒருத்திக்கு இப்படித்தான் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். அதுலதான் வந்துச்சு வினை. கேக்குறியா? கேளு, உனக்கு வேற என்ன வேலை, பஸ்ஸு கொடைரோடு தாண்டவே நேரமாகும்.

என் பேரு மங்கையர்க்கரசி. திண்டுக்கல்ல ஒரு அரசாங்க ஆபீஸ்ல சூப்ரண்டு. எந்த ஆபீஸுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா உடனே ஒரு வேலையைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க. வீட்டுக்காரருக்குச் சென்னைல வேலை, பையன் பெங்களூர்ல. வீட்ல நானும் டிவியும். போன வருஷம் சர்க்கரை ஏறிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. "தினமும் நடங்கம்மா"ன்னாரு. நடக்குறதா? இத்தனை வருஷ சர்வீஸ்ல என்னைப் பாக்க மத்தவங்கதான் நடந்து வந்திருக்காங்க. நான் எங்கயும் நடந்ததில்ல. அப்பத்தான் எங்க வீட்டுக்குப் பக்கத்துல புதுசா ஒரு ஷட்டில் கோர்ட்டு திறந்தாங்க. காலைல லேடீஸ் பேட்ச்சு. சரி, நடக்குறதுக்குப் பதிலா கௌரவமா ஒண்ணு செய்வோமேன்னு சேந்தேன்.

தனியாப் போனா நல்லாருக்காது, கூட ஒரு ஆள் வேணும்ல. அமலியைக் கூப்பிட்டேன். அமலி எங்க ஆபீஸ்ல தபால் பிரிவு. அவ வீட்டுக்காரன் எங்க ஜீப்பு டிரைவரா இருந்தான், நெஞ்சுவலின்னு போய்ச் சேந்துட்டான். கருணை அடிப்படையில அவளுக்கு வேலை போட்டுக் குடுத்தாங்க. ஒல்லியா இருப்பா. ஒருநாளைக்கு எத்தனை தடவை மூணாவது மாடிக்கு ஃபைலைத் தூக்கிக்கிட்டு ஏறி எறங்குவாளோ, மூச்சு வாங்காது. அவளுக்கெல்லாம் உடற்பயிற்சியே தேவையில்ல. ஆனாலும் கூப்பிட்டேன் பாத்துக்க.

"மேடம், காலைல பிள்ளைக்குச் சோறு கட்டணும்"னு இழுத்தா.

"அதுக்கு முன்னாடியே எந்திரிச்சுக் கட்டிரு"ன்னேன்.

யோசிச்சுப் பாத்தா, அவளுக்கு வெள்ளன எந்திரிக்கிற பழக்கத்தை உண்டாக்குனதே நான்தான்.

ஆரம்பத்துல ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியாது. ஒரே நாள்ல சேந்தோம், ஒரே மாதிரி காத்தை வீசுனோம். கோர்ட்டுலயே பொதுவுக்கு நாலு பேட் கிடக்கும், ஊர்க்காரங்க எல்லாரோட வேர்வையும் அதுல இருக்கும், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஆடுனோம். சொல்லிக் குடுக்குறவரு பேரு தவசி. ஆள் குட்டை, வாய் நீளம். நான் அடிக்கிறது கோர்ட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும், அமலி பொறுக்கிக்கிட்டு வருவா. ஒருநாள் தவசி மாஸ்டர், "அந்தம்மாவும் காசு கட்டித்தானே வருது, அதையும் ஆட விடுங்க மேடம்"னு சொல்லிட்டாரு. நான் வேண்டாம்னா சொன்னேன்? பொறுக்குறதும் ஒரு பயிற்சின்னு நினைச்சேன்.

அப்புறம் ரெண்டு பேரும் தேறிட்டோம். நான் கொஞ்சம் கூடவே தேறினேன். தவசி மாஸ்டர் அப்படிச் சொல்லல, எனக்கே தெரியும்ல. ஆறு மாசம் போல இருக்கும், ஒருநாள் சொன்னாரு: "இனிமே சொந்தமா ஒரு பேட் வாங்கிக்கங்க. நிறையக் காசைக் கொட்டாதீங்க. லேசா இருக்கணும், கம்பு வளையணும், நரம்பு ரொம்ப இறுக்கமா வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பேட் போதும்."

ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பேட்! நீயே சொல்லு. அவ இளநிலை உதவியாளர், அதுவும் இன்னும் பரிட்சை எழுதி முடிக்கல. நான் சூப்ரண்டு. ஆபீஸ்ல நாற்காலியே வேற வேற. என் நாற்காலிக்குக் கை இருக்கு, முதுகுல துண்டு இருக்கு. அவளுது முக்காலி மாதிரி. இதுல ஒரே மாதிரி பேட்டாம். அந்தாளுக்கு ஆபீஸ் நடைமுறை என்ன தெரியும்?

ஒரு மாசம் விசாரிச்சேன். போன்ல வீடியோவா பாத்தேன். ஒருத்தன் தலைப்பக்கம் கனம் வேணும்ங்கிறான், ஒருத்தன் கைப்பக்கம் கனம் வேணும்ங்கிறான், ஒருத்தன் ரெண்டும் சமமா இருக்கணும்ங்கிறான். ஒரு வீடியோவுல வெள்ளைக்காரன் ஒருத்தன் பேட்டைக் காதுகிட்ட வச்சுத் தட்டித் தட்டிப் பாக்குறான், தேங்கா வாங்குற மாதிரி. எல்லாத்தையும் மனசுல ஏத்திக்கிட்டு ஒரு சனிக்கிழமை அமலியையும் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போனேன்.

கடைக்குள்ள நுழைஞ்சதுமே அமலி, "இரும்பு பேட் இருக்குல்ல மேடம், வெலை கம்மியா, அது போதும் எனக்கு"ன்னா.

கடைக்காரர், "அது பிள்ளைங்க மொட்டை மாடியில ஆடுறதும்மா. நீங்க கோர்ட்டுல ஆடுறீங்க, கையைக் கெடுத்திரும்"னு சொல்லிட்டு, நீலக் கலர்ல ஒண்ணை எடுத்து வச்சாரு. "இது கார்பன். எண்பது கிராம்கூட இருக்காது. கம்பு நல்லா வளையும், நீங்க மெதுவா அடிச்சாலும் அதுவே தள்ளிவிடும். தேறி வர்றவங்களுக்கு இதுதான் சரி. ரெண்டு எடுத்துக்கங்க, கொறைச்சுப் போடுறேன்."

நான் அதை வாங்கி ஒரு வீசு வீசுனேன். கையில ஒண்ணு இருக்குங்கிறதே தெரியல. "இது என்ன, விசிறியா?"ன்னு கேட்டேன்.

"புதுசா ஆடுறவங்களுக்கு மேடம்..."

"இவளுக்கு இது போதும். எனக்கு வேற காட்டுங்க. அந்தக் கண்ணாடிக்குள்ள கறுப்பா இருக்கே, அது என்ன?"

"அது போட்டிக்கு ஆடுறவங்களுது. தலை கனம். கம்பு வளையவே வளையாது."

வளையாதுன்னு சொன்னாரு பாரு, அந்த வார்த்தை எனக்குப் பிடிச்சுப் போச்சு. "நானும் வளையமாட்டேன், குடுங்க"ன்னேன். நரம்பையும் நல்லா இறுக்கிக் கட்டச் சொன்னேன். அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "இவ்வளவு இறுக்கினா, நடுவுல சரியாப் பட்டாத்தான் போகும் மேடம்"னாரு. "நடுவுலதான் படும், நீங்க கட்டுங்க"ன்னேன். அமலி வாங்குனதைப் போல அஞ்சு மடங்கு ஆச்சு. ஆனா நியாயமான வெலைதான். என் தகுதிக்கு எது நியாயமோ அது.

அமலி அந்த நீல பேட்டுக்குக் காசைக் குடுத்தா, பாரு, கைக்குட்டையைப் பிரிச்சு, ஒவ்வொரு தாளா நீவி நீவி. வெளிய வந்ததும் அதை உறையில இருந்து எடுத்து எடுத்துப் பாக்குறா. "மேடம், நல்லாருக்குல்ல மேடம்?" பஸ் ஸ்டாப்பு வரைக்கும் இதே கேள்வி. "உனக்கு நல்லாருக்கு"ன்னேன்.

இப்ப வர்றேன் விஷயத்துக்கு. மறுநாள் கோர்ட்டுல எல்லாரும் என் பேட்டைத்தான் சுத்தி நின்னு பாத்தாங்க. அமலி பேட்டை ஒருத்தரும் கேக்கல. ஆனா ஆட்டம் ஆரம்பிச்சதும் என்னமோ அன்னைக்கு ஷட்டில் சரியில்ல. நான் அடிக்கிறதெல்லாம் நெட்டுல போய் முட்டுது. அடுத்த நாளும் சரியில்ல. அதுக்கடுத்த வாரம் லைட்டு கண்ணைக் கூசுச்சு. அப்புறம் கோர்ட்டுத் தரை வழுக்குச்சு. அதே கோர்ட்டு, அதே லைட்டு, அமலி அடிக்கிறது மட்டும் ஜிவ்வுனு பின்கோட்டுல போய் விழுது. மெதுவா ஒரு தட்டு, அவ்வளவுதான். சத்தமே வேற மாதிரி, டொப்புனு.

தவசி மாஸ்டர் ஒருநாள் எல்லாரும் நிக்கும்போது சொல்றாரு: "மேடம், நீங்க பேட்டை ஆடலை, பேட்டுதான் உங்களை ஆடுது."

அவரு ஃபீஸ் ரசீதுல ஒரு கையெழுத்து விட்டுப் போயிருந்துச்சு. மறுநாள் கேட்டு வாங்கினேன். அது வேற விஷயம்.

அடுத்த மாசம் முழங்கை வலி வந்துருச்சு. ஃபைல்ல கையெழுத்துப் போட்டாக்கூட சுரீர்ங்குது. டாக்டரு, எதையோ கனமாத் தூக்கியிருக்கீங்கன்னாரு. ஆபீஸ் பொறுப்பைத்தான் தூக்குறேன்னு சொன்னேன்.

ஒருநாள் வலி தாங்காம, "அமலி, உன் பேட்டைக் குடு, சும்மா ஒரு அஞ்சு நிமிஷம்"னு வாங்கினேன். அப்பவும் ஒண்ணும் எதிர்பாக்கல. தவசி மாஸ்டர் ஒண்ணு தூக்கிப் போட்டாரு, கையை ஓங்கினேன்... என்னத்தச் சொல்ல. அது பாட்டுக்குப் பறந்துச்சும்மா. நேரா, உசரமா, பின்கோட்டுக்கு. எனக்கே நம்ப முடியல. இன்னொண்ணு போடச் சொன்னேன். அதுவும் போச்சு. இன்னொண்ணு. இன்னொண்ணு. கை வலிக்கவே இல்ல. நான் சிரிச்சேனாம். அமலிதான் சொன்னா, "மேடம், நீங்க இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல"ன்னு. அவளும் கையைத் தட்டிக்கிட்டு நிக்கிறா, என்னமோ அவ பிள்ளை முதல் ரேங்க் எடுத்த மாதிரி.

அந்த நேரம் பாத்துத்தான் எங்க கணக்குப் பிரிவு அருணகிரி, அவன் மகளைப் பேட்ச்சுல சேக்க வந்து நிக்கிறான். "என்ன மேடம், அமலியம்மா பேட்டா? உங்களுக்குப் பொருத்தமா இருக்கே"ன்னு பல்லைக் காட்டுறான். பொருத்தமாம்! ஆபீஸ் முழுக்கச் சொல்லுவான்ல? பேட்டை அப்பவே அமலி கையில திணிச்சேன். "கனமே இல்ல, வெத்து பேட்டு. எனக்கு ஒத்துவரல"ன்னு அவன் காதுபடச் சொன்னேன். அவ முகம் கொஞ்சம் வாடுச்சு. வாடட்டும். நான் உண்மையைத்தானே சொன்னேன்?

அப்புறம் வந்துச்சு போட்டி. அரசு ஊழியர்களுக்குன்னு வருஷா வருஷம் மாவட்ட அளவுல நடத்துவாங்க. பெண்கள் இரட்டையர்ல எங்க ஆபீஸ் சார்பா நானும் அமலியும்னு பேரைக் குடுத்துட்டேன். என் பேரை முதல்ல போட்டு. பெரிய அதிகாரியெல்லாம் வந்து பாப்பாங்க. சரி, அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வலி இல்லாம ஆடணும்ல? யோசிச்சேன். அமலியை ரூமுக்குக் கூப்பிட்டேன்.

"போட்டியன்னைக்கு மட்டும் பேட்டை மாத்திக்குவோம். உன் பேட்டை என் உறையில போட்டு நான் கொண்டு வர்றேன். நீ என்னுதை வச்சு ஆடு. அவ்வளவு வெலை குடுத்த பேட்டு, உனக்குத் தர்றேன்னா எவ்வளவு பெரிய மனசு வேணும் பாரு."

அவ நின்னா. புடவைத் தலைப்பைத் திருகிக்கிட்டே நின்னா. அப்புறம் சொல்றா:

"மேடம், வேற என்ன சொன்னாலும் செய்றேன். இது மட்டும் வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"எனக்குன்னு நானே வாங்கிக்கிட்டது அது ஒண்ணுதான் மேடம்."

கேட்டியா? வாங்கினது இவளாம்! கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனது யாரு? "இவளுக்கு இது போதும்"னு கைகாட்டினது யாரு? அந்த இரும்பு பேட்டை வாங்கியிருந்தா இவ என்ன ஆயிருப்பா? அந்த ரூமுக்குள்ள இத்தனை வருஷத்துல "இல்ல மேடம்"ங்கிற சொல்லை நான் கேட்டதே இல்ல. "சரி, போ"ன்னேன்.

அதுக்கப்புறம் அவளுக்கு வேலை ஜாஸ்தியாயிருச்சு. பழைய தபால் கட்டெல்லாம் கோப்பறையில வருஷக்கணக்கா கிடந்துச்சு, அதையெல்லாம் பிரிச்சு அடுக்கச் சொன்னேன். பழிவாங்கலா? சேச்சே. தூசி படிஞ்சு கிடந்துச்சும்மா, யாராவது செய்யணும்ல? போட்டிக்கு முந்தின வாரம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, அவ்வளவுதான். சாயங்காலம் தலையெல்லாம் ஒட்டடையோட போவா, மறுநாள் காலைல கோர்ட்டுல எனக்கு முன்னாடி நிப்பா. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு. முகத்தைக் காட்டியிருந்தாலாவது பரவால்ல.

கண்டக்டர் வர்றாரு, டிக்கெட் எடுத்துட்டியா? எனக்கும் சேத்து ஒண்ணு சொல்லு, சில்லறை அப்புறம் தர்றேன்.

போட்டியன்னைக்கு முதல் ஆட்டத்துல எதிராளி வரவே இல்ல. என் பேரைப் பாத்து ஒதுங்கியிருப்பாங்க. ரெண்டாவது ஆட்டத்துல வாத்தியாரம்மா ரெண்டு பேரு, சுலபமா முடிஞ்சுது. நான் ஆரம்பத்துலயே அமலிகிட்ட வேலையைப் பிரிச்சுக் குடுத்துட்டேன்: நடுவுல மெதுவா வர்றது என்னுது. ஓரத்துல வர்றது உன்னுது, பின்னாடி போறது உன்னுது, வேகமா வந்தா எங்க வந்தாலும் உன்னுது. வேலைப் பங்கீடு தெரியலேன்னா சூப்ரண்டா இருக்க முடியுமா?

ஃபைனல்ல பெரியாஸ்பத்திரி நர்ஸு ரெண்டு பேரு. நல்லா ஆடுறாங்க. ஆளுக்கொரு கேம் ஜெயிச்சாச்சு, மூணாவது பாதியில நிக்குது. அமலி ஒண்ணை ஓடிப்போய் எடுத்தா பாரு, "டங்"குனு ஒரு சத்தம். நீல பேட்டுல நரம்பு அறுந்துருச்சு.

எனக்குச் சந்தோஷம்னு நினைக்காத. "நான்தான் அப்பவே சொன்னேன்ல"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. என்ன சொன்னேன்னுதான் ஞாபகம் வரல. அமலிகிட்ட வேற பேட் இல்ல. என்கிட்டயும் ஒண்ணுதான். அவ அறுந்த நரம்பைத் தடவிக்கிட்டு நிக்கிறா, அம்பயரு மணியைப் பாக்குறாரு. அப்ப எதிர்ப்பக்கம் இருந்து அந்த உயரமான நர்ஸு, ஃபைனல் ஆடுற பொண்ணும்மா அது, தன் பையில இருந்து ஒண்ணை உருவிக்கிட்டு நெட்டுக்கிட்ட வந்து, "இதை வச்சு ஆடுங்கக்கா, பழசுதான், கோச்சுக்காதீங்க"ன்னு குடுக்குது. பெயின்ட் உரிஞ்சு, கைப்பிடியில துணி சுத்தி, அது என்ன கம்பெனின்னுகூடத் தெரியல. எதிரிக்கு ஆயுதம் குடுக்குது! எங்க ஆபீஸா இருந்தா மெமோ குடுத்திருப்பேன்.

அமலி அதை வாங்கி ரெண்டு தடவை காத்துல வீசிப் பாத்தா. அப்புறம் ஆடுனா. என்னமா ஆடுனாங்கிற! அந்தக் கோர்ட்டுல எனக்கு நிக்க இடமே இல்ல, எங்க பாத்தாலும் அவளே இருக்கா. இப்பப் புரியுதா சூட்சுமம்? எல்லாம் அந்த பேட்டு. பாக்கத்தான் பழசு, அதுல என்னமோ இருக்கு. அடையாளத்தைச் சொல்லிக் கேட்டேன், அந்த மாதிரி இப்ப வர்றதில்லைன்னு திண்டுக்கல் கடைக்காரர் சொல்லிட்டாரு. மதுரையில பெரிய கடையில ஒருவேளை கிடைக்கும்னுதான் இன்னைக்கு லீவு போட்டுட்டுப் போறேன்.

ஆனா கடைசிப் பாயின்ட் யாரு எடுத்தது? நான். நர்ஸு அடிச்சது நேரா என் மூஞ்சிக்கு வந்துச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டு பேட்டை முகத்துக்கு முன்னாடி தூக்குனேன். சட்டத்துல பட்டு, மெல்ல நெட்டு மேல ஏறி, அந்தப் பக்கம் பொத்துனு விழுந்துருச்சு. யாராலயும் எடுக்க முடியல. அதுக்குப் பேரு ட்ராப். பெரிய பெரிய ஆட்டக்காரங்களே கஷ்டப்படுவாங்க. அமலி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா, வேர்வையோட. அதிகாரியெல்லாம் உக்காந்திருக்காங்க, நான் என்ன செய்ய, தோள்ல லேசாத் தட்டிக் குடுத்து விலக்கி விட்டேன்.

கோப்பை என் ரூம்ல, ஃபைல் பீரோ மேல இருக்கு. வர்றவங்க எல்லாரும் பாக்குற மாதிரி. அமலிக்கும் சந்தோஷம்தான், தினமும் தபால் கொண்டு வரும்போது பாக்குறால்ல.

இவ்வளவு செஞ்சும் பாரு, போட்டி முடிஞ்ச மறுவாரம் வந்து, "மேடம், இனிமே நான் சாயங்கால பேட்ச்சுக்குப் போறேன். அந்த சிஸ்டரெல்லாம் கூப்பிடுறாங்க. பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வரலாம்னாங்க"ன்னா. கேக்கல, சொல்றா. "உன் இஷ்டம்"னேன். காலைல இப்ப நான் தனியாத்தான் போறேன். தவசி மாஸ்டர் ஷட்டில் போட, நான் அடிக்கிறேன். அடிச்சதை நானே பொறுக்குறேன். குனிஞ்சு நிமிந்தா இடுப்பு பிடிக்குது. பேச்சுத் துணைக்கு ஆளில்ல, அதெல்லாம் ஒரு குறையா எனக்கு?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கமாச் சும்மா போனேன். காய்கறி வாங்கப் போனவ அப்படியே. ஷூவா? ஆமா, ஷூ போட்டிருந்தேன். காலுக்கு இதமா இருக்குன்னு. சுடிதாரும் அந்த ஆடுற சுடிதார்தான், துவைச்சதெல்லாம் ஈரமா இருந்துச்சு. வாசல்ல நின்னு எட்டிப் பாத்தா, உள்ள ஒரே சிரிப்பும் கூச்சலும். அந்த ரெண்டு நர்ஸும் இருக்காங்க. அமலி நடுவுல நின்னுக்கிட்டு ஒருத்திக்குக் கையை எப்படித் திருப்பணும்னு சொல்லிக் குடுக்குறா. இவ சொல்லிக் குடுக்குறா! ரெண்டு நீல பேட்டு வச்சிருக்கா, அதே மாதிரி இன்னொண்ணு வாங்கியிருக்கா. என்னைப் பாத்துட்டா.

"அக்கா, வாங்க! எங்களுக்கு ஒரு ஆள் குறையுது."

அக்கா! காதுல விழுந்துச்சா? ஆபீஸ்ல தினமும் "மேடம், மேடம்"னு நிக்கிறவ, அத்தனை பேருக்கு முன்னாடி அக்காங்கிறா. கோர்ட்டை விட்டு வெளிய வந்து, ரெண்டாவது பேட்டை என் பக்கம் நீட்டுறா. கைப்பிடியை என் பக்கமா வச்சு நீட்டுறா. "உங்களுக்கு இதுல நல்லா வரும்க்கா. அன்னைக்கு எப்படிச் சிரிச்சீங்க."

எனக்குக் கை துறுதுறுங்குது. பொய் சொல்லக் கூடாது. ஆனா எப்படிப் போறது? நர்ஸு எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அந்த உயரமான பொண்ணு எனக்காக இடம் விட்டு அந்தப் பக்கம் தள்ளிப் போயிருச்சு. "காய் வாங்கணும்"னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தேன்.

"அக்கா, ஒரு கேம் மட்டும் ஆடிட்டுப் போங்கக்கா!"ன்னு பின்னாடி இருந்து மறுபடியும் கூப்பிட்டா.

நான் நிக்கல. ஆனா மெதுவாத்தான் நடந்தேன். தெருமுனை வரைக்கும் ரொம்ப மெதுவா. எனக்குன்னு ஒரு முறை இருக்கும்மா, ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் நல்லாவே தெரியும். எந்த ஃபைலா இருந்தாலும் மூணு நினைவூட்டு வராம நான் கையெழுத்துப் போட்டதில்ல. இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பேன்.

ரெண்டோட நிறுத்திக்கிட்டா.